அரை மணி நேரப் பிசகு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் சிவசம்பு ஆயுசில் பாதியை ரயில்வேயில் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். மகன் கார்த்திகேசு பினாங்குக்கு மாற்றலாகிப் போனபோது விட்டுச்சென்ற கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்தார். மெட்ராஸிலிருந்து வந்த ஜாதக புரோகிராம் ஒன்றை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கினார். இரண்டு டிஸ்க், கூடவே ஒரு துண்டுத் தாள். எப்படித் தொடங்குவது, எப்படி அச்சடிப்பது என்பது மட்டும் தாளில் இருந்தது. நடுவில் உள்ளதெல்லாம் வாங்கியவன் தலையெழுத்து.

கடைக்காரரிடம் போய்க் கேட்டார்.

“நான் விக்கிற ஆளுதான் அங்கிள். உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படிலா தெரியும்?”

சிவசம்புவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்தார். ஒன்று திரையைக் கறுப்பாக்கியது. இன்னொன்று அதுவரை அடித்ததையெல்லாம் விழுங்கியது. சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மனைவி பூரணம் அலுத்துப்போனாள். மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, கடைசியில் ராசிக் கட்டம் அச்சாகி வெளியே வந்தபோது மனிதர் குதிக்காத குறைதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் புனிதவதிக்கு வரன் வந்தது. பையன் வாசு, கிள்ளான் வள்ளியம்மாவின் மகன். புனிதாவோடு ஒரே பள்ளியில் வாத்தியார். இருவருக்கும் பிடித்திருந்தது. ஜாதகப் பொருத்தம்தான் பாக்கி. புனிதா பிறந்தபோது கோயில் ஐயர் எழுதிய ஜாதகம் அலமாரியில் பத்திரமாக இருந்தது. கம்ப்யூட்டர் கைவசம் இருக்கும்போது அதைக் கொடுக்க சிவசம்புவுக்கு மனம் வரவில்லை. கம்ப்யூட்டரில் அடித்தார். செவ்வாய் தோஷம் என்று வந்தது. அந்தத் தோஷமுள்ள பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளை உயிருக்கு ஆகாது என்பார்கள். ஐயர் எழுதியதில் தோஷம் இல்லை. அவர் கணக்கில் கோட்டை விட்டிருப்பார் என்று முடிவு கட்டிவிட்டு, அச்சடித்ததையே கிள்ளானுக்கு அனுப்பினார். பெற்ற மகளைவிட மெஷினை நம்பிய அப்பனை என்னவென்று சொல்வது! வரன் தட்டிப்போனது. அதன் பிறகு வீட்டில் புனிதாவின் சிரிப்பு கேட்கவில்லை.

சில மாதம் கழித்து, எண்பத்தைந்தில் பிறந்த தன் பையனுக்கும் கம்ப்யூட்டர் ஜாதகம் கேட்டான் கார்த்திகேசு. அதே ஐயர் அந்தப் பிள்ளைக்கு எழுதியிருந்ததும் கம்ப்யூட்டர் சொன்னதும் அப்படியே ஒத்துப்போயின. பேரனுக்குச் சரியாக எழுதியவர் மகளுக்கு மட்டும் தப்பாக எழுதுவாரா? யாழ்ப்பாணத்தில் பிறந்த தம்முடையதைப் போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. கார்த்திகேசுவுடையது சரியாக இல்லை. ஆக, இந்த ஊரில் பிறந்த பெரியவர்களுக்கு மட்டும், பிறந்த நேரத்தைக் கொண்டு போடும் லக்னம் தள்ளிப்போகிறது.

மறுபடியும் விசைகளோடு மல்லுக்கு நின்றார். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தியபோது, தாளில் சொல்லாத ஊர்ப் பட்டியல் ஒன்று திறந்தது. கிரீன்விச் நேரத்துக்குக் கோலாலம்பூர் எட்டு மணி முன்னால் என்று அதில் இருந்தது. எண்பத்திரண்டு புத்தாண்டில்தான் நாடே கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தது. அதற்கு முன்பு பிறந்தவர்களுக்கு ஏழரை மணிதான் கணக்கு. மெட்ராஸில் உட்கார்ந்து புரோகிராம் எழுதியவனுக்கு அது தெரிய நியாயமில்லை. அந்தப் புத்தாண்டில் ஸ்டேஷன் கடிகாரத்தைத் தம் கையாலேயே தள்ளிவைத்த சிவசம்புவுக்கு என்ன கேடு?

எட்டை ஏழரையாக மாற்றி புனிதாவுக்கு அடித்தார். தோஷம் இல்லை.

மறுநாளே பஸ் பிடித்துக் கிள்ளானுக்கு ஓடினார். வள்ளியம்மா காப்பி கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“வாசுவுக்கு சாலாக் செலாத்தான்ல பொண்ணு பாத்து, போன வாரம் மோதிரமும் மாத்தியாச்சு அண்ணே,” என்றாள். பிறகு, “ஐயர் எழுதினது வீட்டுலயே இருந்துச்சுன்னா அதையே குடுத்திருக்கலாமே,” என்றாள்.

சிவசம்பு காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் புனிதா பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னார்.

“தப்பு என் மேலதாம்மா. நான் போட்ட கணக்குதான் தப்பு.”

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“தோஷமெல்லாம் பாக்கமாட்டேன், ரெஜிஸ்டர் பண்ணிக்கலாம் வான்னுதாம்பா வாசு அப்பவே கூப்பிட்டாரு,” என்றாள். “நான்தான் பயந்து போய் வேணாம்னுட்டேன். எங்கப்பா கணக்கு தப்பாதுன்னு சொன்னேன்.”