வாஷிங் மெசின் டிரம்மில் கோப்பி வறுத்தது

1. தோள்

நோன்புக்கு முந்திய மாதம் என் வலது தோள் நின்றுவிட்டது. அடுப்பில் இரும்புத் தாச்சியில் கோப்பிக்கொட்டை பாதி வறுபட்டிருந்தது, கை எழும்பவில்லை. கிளறுவதை நிறுத்தினால் அடியில் கிடப்பது கரிதான். டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இனிக் கிளறுற வேல வேணாம்" என்றார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கற்பிட்டியில் முப்பது வருடமாகக் கோப்பி வறுத்து இடித்துக் கொடுக்கிறேன். என் கோப்பியைக் குடித்தவர் கடையில் விற்கும் பக்கெட் தூளைத் தேடமாட்டார். இதைப் பெருமையாகவே எழுதுகிறேன்.

படகு கட்டும் ஜெட்டியடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் நிசாம்தான் என் பெரிய வாடிக்கை. அவர் வந்து நின்றார்.

"ராத்தா, வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்கிறன். பொறகு பக்கெட் தூள்தான். கடலால வாறவங்களுக்கு வெறும் சுடுதண்ணியா ஊத்துற?"

"ஊத்துங்களே. உங்கட தேத்தண்ணி அப்பிடித்தானே இரிக்கி."

சிரித்துக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடை போனால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

2. டிரம்

பக்கத்து வளவில் சவிரி இருக்கிறார். போட் எஞ்சின் திருத்துகிறவர். என் கையைப் பார்த்துவிட்டு, உடைந்த வாஷிங் மெசின் ஒன்றிலிருந்து சில்வர் டிரம்மைக் கழற்றி வந்தார். டிரம்மின் வாய்க்கு ஒரு தகரக் கதவு, நடுவில் ஒரு கம்பி, கம்பியின் இரண்டு பக்கமும் பெயாரிங், சுற்றுவதற்கு லொறி வைப்பர் மோட்டார். கீழே பாதி வெட்டிய பீப்பாவில் சிரட்டைக் கரி. டிரம்மின் ஓட்டைகளால் கொட்டையின் தோல் தானாக விழுந்துவிடும், கொட்டை விழாது. ஒன்றரை நாளில் முடித்தார். அளவு நாடாவை அவர் எடுத்ததையே நான் காணவில்லை, எல்லாம் விரல்கணக்கு. அப்படி ஒரு கை.

இரண்டு கிலோ போட்டேன். மோட்டார் கடகடவென்று சுற்றியது. திறந்தால் எல்லாம் கரி. அடுத்த முறை பயத்தில் முந்தி இறக்கினேன். பச்சைப் புல் வாசம். புதன்கிழமையும் போய்விட்டது.

"ஒங்கட டிரம் சரியில்ல தம்பி" என்றேன். கோபம்தான்.

அவர் கோபப்படவில்லை. "இறக்குற நேரம் எப்பிடித் தெரியும் அக்கா?"

"நெறத்தப் பாத்து. வாசம் புடிச்சு."

"ஒரு பிடி தாச்சியில போட்டுக் காட்டுங்க."

3. பெயாரிங்

இடது கையால் வறுத்துக் காட்டினேன். சவிரி தாச்சியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க கொட்டயப் பாக்கவே இல்லயே. தலயச் சரிச்சிக்கிட்டு நிக்கிறீங்க."

நான் காதால்தான் வறுக்கிறேன் என்று முப்பது வருடம் எனக்கே தெரியாது! கொட்டை முதலில் சுள்ளி முறிவதுபோலப் படபடவென்று வெடிக்கும். அது அடங்கி, பிறகு மெல்லியதாக ஒரு நொறுநொறுப்பு தொடங்கும். அப்போதுதான் நான் இறக்குகிறேன். மோட்டார் சத்தத்தில் அது மூழ்கிப்போயிருந்தது.

சவிரி ஒரு நீட்டு ஸ்குரூ டிரைவர் எடுத்தார். நுனியை மோட்டார் இல்லாத பக்கத்துப் பெயாரிங்கில் வைத்து, மரப்பிடியை என் காதோடு அழுத்தச் சொன்னார்.

"என்ன, நான் செவிடு எண்டா நெனச்சீங்க?"

"உங்கட காது நல்லம். சத்தம்தான் இரும்புக்குள்ள நிக்குது. நாங்க எஞ்சினுக்குள்ள தேய்மானம் பாக்கிறதும் இப்பிடித்தான்."

வைத்தேன். கடகட ஒரு பக்கம் ஒதுங்கி, உள்ளே என் கொட்டை வெடிப்பது கேட்டது. தாச்சியில் கேட்டதை விடத் துப்புரவாகக் கேட்டது. நொறுநொறுப்பு தொடங்கியதும், "நிப்பாட்டு!" என்று கத்தினேன். சவிரி வயரைப் பிடுங்கிக் கதவைத் திறந்தார். சுளகில் கொட்டியபோது எல்லாக் கொட்டையும் ஒரே நிறம். தாச்சியில் எனக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை நிசாம் ஒரு மிடறு குடித்தார், இன்னொரு மிடறும் குடித்தார்.

"கையும் இல்லாம எப்பிடி ராத்தா?"

"சவிரிட வேல அது" என்றேன். "எண்ட கோப்பி" என்று மட்டும் சொல்ல அன்றைக்கு மனம் வரவில்லை.

வேலையை மெசினுக்குக் கொடுக்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மெசின் கட்டுகிறவரைக் கூப்பிட்டு, முதலில் நீங்கள் வேலை செய்வதைப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வாயால் சொல்வதை நம்பவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.