சிக்காகோவில் இரண்டு கட்டில் அறை

என் தங்கையின் இடதுகைச் சின்னவிரலை அவளுடைய புருஷன் ரப்பர் சுத்தியலால் அடித்து உடைத்த கிழமையில்தான், நானும் அவளும் சிக்காகோவில் தங்குவதற்கு அறை தேடத் தொடங்கினோம். விரல் உடைந்தது எனக்குத் தெரியும். எப்படி உடைந்தது என்பது தெரியாது. வேன் கதவுக்குள் அகப்பட்டுவிட்டது என்றாள். நம்பினேன்.

நம்பியிருக்கக் கூடாத ஆள் நான். லண்டன் கவுன்சில் ஒன்றில், வீடில்லாமல் வருபவர்களுக்குத் தற்காலிக இடம் ஒதுக்கும் பிரிவில் பதினாறு வருடமாக வேலை. அடி வாங்கி, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வரும் பெண்கள் என் மேசைக்கு முன்னால்தான் இருப்பார்கள். எந்தெந்தப் பகுதி உங்களுக்கு ஆபத்து என்று அவர்களிடம் கேட்டு எழுதுவது என் வேலை. வேன் கதவு, மாடிப்படி, குளியலறையில் வழுக்கியது எல்லாம் எனக்குப் பழகிய கதைகள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவள் மறைத்தால் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். கொலியர்ஸ் வுட்டில் என் சொந்த வீட்டுச் சோபாவில் இருந்து தேத்தண்ணி குடித்தவள் மறைத்தபோது, விரலைப் பார்த்து "ஐஸ் வைச்சனியோ?" என்று மட்டும் கேட்டேன்.

எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது என்பதால் வந்த யோசனை அது. எங்காவது ஒரு பெரிய நகரத்துக்கு நாலு நாள் போய் வருவோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று சொன்னேன். நியூயோர்க் அறை விலைகளைப் பார்த்த உடனேயே அதை விட்டுவிட்டோம். சிக்காகோவில் கடல் மாதிரி ஒரு ஏரி இருக்கிறது என்று தங்கை எங்கோ பார்த்திருந்தாள். அது போதும் என்றாள்.

அவளும் புருஷனும் பாரிசில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து நோர்பரியில் குடியேறியவர்கள். அவர் டைல்ஸ் பதிக்கும் தொழில் செய்தார். சுத்தமான வேலைக்காரர். என் குளியலறைக்கும் அவர்தான் பதித்தார், ஒரு கோடு விலகாது. எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் கதிரை அடுக்குவதும் கடைசியில் தரை கூட்டுவதும் அவராகத்தான் இருக்கும். பிள்ளைகள் இல்லை. அதைப்பற்றி ஆராவது கேட்டால் "கடவுள் தரேக்கை தரட்டும்" என்று சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவளை என் வாசலில் வேனில் இறக்கிவிடுவார். நாலு மணிக்கு வந்து ஹோர்ன் அடிப்பார். இரண்டாவது ஹோர்னுக்கு முதல் அவள் சப்பாத்துப் போட்டிருப்பாள். அந்த நாலு மணி நேரத்தில்தான் லப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினோம். அமெரிக்கா போகும் கதையை இப்போதைக்கு அவருக்குச் சொல்ல வேண்டாம், டிக்கெட் எடுத்த பிறகு தானே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டாள். புருஷன்மாருக்குச் சில விஷயங்களைக் கடைசியில் சொல்வது ஊரில் உள்ளதுதானே என்று நினைத்தேன்.

எனக்கு ஒரு முறை இருந்தது. முதலில் காட்டும் விலையை நம்புவதில்லை. நகரத்தின் நடுவில் இருந்த ஹோட்டல் ஒன்று மலிவாகத் தெரிந்தது. கடைசிப் பக்கத்தில் வரியும் வசதிக் கட்டணமும் ஏறி, விலை அரைவாசி கூடிவிட்டது. அதனால் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனோம். விமான நிலையத்திலிருந்து ரயில் மாறாமல் போகக்கூடிய நீலப் பாதை, ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை, இவ்வளவுதான் என் நிபந்தனை. பிறகு மிக மோசமான விமர்சனங்களை முதலில் வாசிப்பேன். ஒரு பகுதியைப் பற்றி, இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர் அதே தெருவில் நல்ல மெக்சிக்கன் சாப்பாடு உண்டு என்று எழுதியிருந்தார். தெருப்படத்தைத் திறந்து அந்தத் தெருவில் மவுசால் நடந்து பார்த்தோம். பலகை அடித்த ஒரு கடை, கம்பி போட்ட ஜன்னல்கள், சைக்கிளில் ஒரு கிழவர்.

"உது பயமாக் கிடக்கு, வேண்டாம்" என்றேன் நான். அந்தக் கிழமைதான் குரோய்டனில் டிராமுக்கு நின்ற ஒருவரின் கன்னத்தைக் கத்தியால் கிழித்திருந்தார்கள். நான் தினமும் அந்த நிறுத்தத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போய் வந்தேன். அது வேறு கணக்கு என்று என் மனம் வைத்திருந்தது.

தங்கை தெருவைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. அவள் கேட்டதெல்லாம் அறைக் கதவைப் பற்றி.

"உள்ளுக்குத் தாழ்ப்பாள் இருக்கோ அக்கா? படத்தில தெரியுதோ?"

"ஹோட்டலிலை எல்லாம் தானாப் பூட்டும்."

"தானாப் பூட்டினா வெளியால திறக்கலாந்தானே."

தனி வீடுகளை அவள் பார்க்கவே மாட்டாள். பின்வளவோடு, அமைதியான தெருவில், நல்ல விலைக்கு வந்த ஒரு சின்ன வீட்டை நான் காட்டியபோது அவளுடைய முகம் வெளிறியது. அவள் தெரிந்தெடுத்தது நாலு மாடி விடுதி ஒன்று. அதைப் பற்றி எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒரே முறைப்பாடு. சுவர் கடதாசி மாதிரி, பக்கத்து அறைக்காரன் இருமினாலும் கேட்கிறது.

"இது நல்லம்" என்றாள்.

"உனக்கு விசரே? சத்தத்திலை நித்திரை கொள்ள ஏலாது."

"சத்தம் கேட்டா நல்லந்தானே அக்கா. எங்கட சத்தமும் மற்றாக்களுக்குக் கேக்குமெல்லோ."

இந்த வசனத்தை என் மேசைக்கு முன்னால் இருந்து வேறொருத்தி சொல்லியிருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பேன். நானோ சிரித்தேன். அவளுடைய ஆசைக்கு விட்டு, அந்த விடுதியில் இரண்டு கட்டில் அறை ஒன்றைப் பதிவு செய்தேன். பயணத்துக்கு முதல் கிழமை வரைக்கும் ரத்துச் செய்யலாம் என்று இருந்தது. அவளுக்கும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று அவளுடைய மின்னஞ்சலையும் சேர்த்துவிட்டேன். ஞாயிறுதோறும் அவளை என் வாசலில் இறக்கிவிட்ட பிறகு அந்த மின்னஞ்சலை அவர் திறந்து பார்ப்பார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த ஞாயிறு அவர் ஒன்றேமுக்காலுக்கே வந்துவிட்டார். ஹோர்ன் அடிக்கவில்லை. மணி அடித்தது. நான் வேலைக்குப் போடும் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். போய்க் கதவைத் திறந்தேன்.

"மச்சாள், சாப்பிட்டாச்சோ?" என்றார். எப்போதும் போலச் சப்பாத்தைக் கழற்றி, சுவரோடு நேராக வைத்தார்.

உள்ளே வந்தவர் லப்டொப்புக்கு முன்னால் இருந்த தங்கையிடம் போனார். அவளுடைய விரல்கள் விசைப்பலகையில் இருந்தன. மூடியை இரண்டு கையாலும் பிடித்து அடித்து மூடினார். துண்டு கட்டியிருந்த விரலும் உள்ளே அகப்பட்டது. அவள் கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். பிறகு தலைமயிரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, குசினிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"அமெரிக்காவில ஆர் இருக்கிறான்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. சமையல் மேடையின் விளிம்பில் அவளுடைய நெற்றியை அடித்தார். பிறகு இன்னொரு முறை. நிதானமாக, ஒரு டைலைத் தட்டி அமர்த்துவது போல, அளவோடு அடித்தார். "ஆர் இருக்கிறான்? சொல்லு. ரெண்டு கட்டில் ஆருக்கு?" அவளுடைய புருவத்திலிருந்து இரத்தம் அலுமாரிக் கதவில் வழிந்தது. அப்போதும் அவளிடமிருந்து சத்தம் வரவில்லை. கைகளைத் தளர விட்டு, கழுத்தை மட்டும் இறுக்கி வைத்திருந்தாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அடி வாங்கத் தெரிந்த ஒருத்தி நிற்கும் நிலை அது.

கத்தியது நான்தான். "விடும்! விடும் அவளை!" என்று கத்தியபடி அவருடைய முதுகில் குத்தினேன். திரும்பியும் பாராமல் முழங்கையால் ஒன்று தந்தார். என் கீழ்ப்பல் உதட்டுக்குள் இறங்கியது. விழுந்த இடத்தில் இஸ்திரி மேசையும் என்னோடு சரிந்தது. எழும்பும்போது இஸ்திரிப்பெட்டி என் கையில் இருந்தது. சூடாகவே இருந்தது.

முதல் அடி தோளில். சட்டை கருகிய மணம் வந்தது. அவர் திரும்பினார், அடுத்தது காதுக்கு மேலே பட்டது. தங்கையின் தலைமயிரை விட்டுவிட்டு என் கழுத்தைப் பிடிக்க வந்தார், அப்போது முகத்தில் அடித்தேன். கன்னத்தில் அது ஒட்டி, பிறகு விடுபட்டது. அவர் முழங்காலில் விழுந்தார். அடித்தேன். தரையில் சாய்ந்தார். அப்போதும் அடித்தேன்.

"அக்கா, போதும். அவர் செத்துப் போடுவார்."

தங்கை என் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். அது எனக்குக் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று நன்றாக விளங்கியது. இனி அவரால் எழும்ப முடியாது என்பதும் தெரிந்தது. அதற்குப் பிறகும் ஒருமுறை ஓங்கி அடித்தேன். கோபத்தில் கண் மறைத்தது என்று பிறகு பலர் எனக்காகச் சொன்னார்கள். கண் மறைக்கவில்லை. எங்கே அடிக்க வேண்டும் என்று பார்த்துத்தான் அடித்தேன். அந்த அடியில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

பொலிசைக் கூப்பிட்டது என் வீட்டுக்குக் கீழ்மாடியில் குடியிருந்த பெண். என் கத்தல் அவளுக்குக் கேட்டிருக்கிறது. இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள், பிறகு அம்புலன்ஸ் இரண்டு. எனக்கு விலங்கு போட்ட பொலிஸ்காரிக்கு என் மகள் வயதுதான் இருக்கும், எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால். "இறுக்கமாக இருக்கிறதா?" என்று கேட்டாள். நான் "சொறி" என்றேன். தரையில் கிடந்த இரத்தம் அவளுடைய சப்பாத்தில் பட்டுவிட்டதற்காகவும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டேன். அப்படியெல்லாம் வாய் உளறியது.

நிலையத்தில், அவர் கீழே விழுந்த பிறகும் அடித்தீர்களா என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்த சொலிசிட்டர் என்னைப் பார்த்தார். "ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

இரண்டு நாளைக்குப் பிறகுதான் ஆஸ்பத்திரியில் தங்கையைப் பார்க்க விட்டார்கள். நெற்றியில் தையல். எக்ஸ்ரேயில் பழைய முறிவுகள் வரிசையாகத் தெரிந்தன. விலா எலும்பு, மணிக்கட்டு, பாரிசில் ஒரு முறை தாடை. சின்னவிரலின் கதையை அன்றைக்குத்தான் சொன்னாள். ரப்பர் சுத்தியல் என்றால் தோலில் அடையாளம் குறைவாம். கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன்.

"சிக்காகோவுக்குப் போய் அப்பிடியே நிண்டுவிட நினைச்சனியோ?"

"இல்லையக்கா. திரும்பி வரத்தான். நாலு நாள் நித்திரை கொள்ளுவம் எண்டு பாத்தன்."

எங்கள் ஆட்களிடம் கதை வேறு விதமாகப் போனது. அக்காக்காரி தங்கச்சியை அமெரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு ஓடப் பார்த்தாள், தடுத்த மனிசனைச் சுட்டுப் பொசுக்கிவிட்டாள். தொலைபேசியில் ஒரு பெண், பெயரும் சொல்லாமல், "கையில்லாமல் போவாய்" என்று என்னைத் திட்டினாள். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். போன கார்த்திகை விளக்கீட்டுக்கு எனக்கு மோதகம் தந்த குரல்.

எட்டு மாதம் கழித்து என்மேல் வழக்கில்லை என்று கடிதம் வந்தது. அதுவரை வேலையில் என்னை மேசையிலிருந்து எடுத்து, கோப்புகளோடு விட்டிருந்தார்கள். அவரை நீதிமன்றத்தில் கடைசியாகப் பார்த்தேன். எக்ஸ்ரேக்களுக்கு முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். கன்னத்தில் முக்கோணமாக ஒரு தழும்பு, தோல் மினுங்கியது. எனக்கு இரக்கம் வரும் என்று பயந்தேன். வரவில்லை. என் இஸ்திரிப்பெட்டியின் முனை அது என்று மட்டும் பார்த்தேன்.

அந்த வசந்தத்தில் தங்கை லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்போது அவள் என்னோடுதான் இருந்தாள். "அக்கா, திரும்பப் பாப்பமோ?" என்றாள். அமெரிக்கா போக இணையத்தில் நிரப்பும் அனுமதிப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. இன்னொருவருக்குக் கடும் காயம் விளைந்த குற்றத்துக்காக எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா? தண்டனை கிடைத்ததா என்று மட்டும் கேட்கவில்லை. ஆம் என்று போட்டால் விசாவுக்குத் தூதரகத்துக்குப் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இல்லை என்று போட எனக்கு மனமில்லை. கையை எடுத்துவிட்டேன்.

"நீ போ" என்றேன்.

"தனியவோ?"

"தனியத்தான்."

ஒரு கிழமை லப்டொப்பைத் தொடவில்லை. பிறகு அவளாகவே அறை தேடினாள். நான் பக்கத்தில் இருந்து பார்க்கக் கூடாது என்றாள். கடைசியில் அவள் எடுத்தது ஒரு வீட்டின் மேல்மாடி. தெருப்படத்தில் பார்த்து நான் பயந்து ஒதுக்கிய அதே மாதிரித் தெரு, ஜன்னலுக்குக் கம்பி. "அங்க போகவேண்டாம், ஆபத்து" என்று முன்பு தங்கிய ஒருவர் எழுதியிருந்ததை அவளே எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசித்து முடித்து, காசையும் கட்டினாள்.

அவள் போய் மூன்றாம் நாள் மத்தியானம், நான் வேலையிடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அழைத்தாள். அங்கே விடிந்து கொஞ்ச நேரம். பின்னால் காற்று இரைந்தது. முதல்நாள் ரயிலில் ஒருவன் அவளுடைய கைப்பையைப் பறிக்கப் பார்த்தானாம். அவள் விடவில்லை. அவன் தள்ளினான், அவளும் தள்ளினாள். கதவுக் கம்பியில் முதுகு அடிபட்டிருக்கிறது.

"பொலிசுக்குச் சொன்னனியோ?"

"இல்லை. நான் கத்தினனான்."

"என்னெண்டு கத்தினனி?"

"தமிழிலை. எனக்குத் தெரிஞ்ச தூஷணம் எல்லாம் சொல்லிக் கத்தினனான். அந்தப் பெட்டியிலை இருந்த சனம் முழுக்க எழும்பிட்டுது. கதவு திறக்க அவன் வெளியால பாஞ்சிட்டான்."

திட்டுவதா அழுவதா என்று தெரியவில்லை. உடனே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு வா என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவள், பாலத்துக்குக் கீழே முட்டை பொரித்துக் கொடுக்கும் ஒரு கடை இருக்கிறது, சனம் வரிசையில் நிற்கிறது, தனக்குப் பசிக்கிறது என்று சொல்லி அழைப்பை நிறுத்திவிட்டாள்.