அம்மா பொட்டு வைத்துக்கொண்ட நாள்

ஜப்பான்காரன் காலத்தில் அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. “நீங்க செத்துப் போயிடுங்க.”

மலாயாவில், மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில் எங்கள் வீடு. நான் கடைக்குட்டி. அக்காக்கள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். சின்ன அக்காவை அம்மாவுக்குப் பிடிக்காத இடத்தில், அத்தனை தூரத்தில், ஜொகூரில் அப்பா கட்டிக்கொடுத்ததிலிருந்து அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள். பேச்சு மட்டும் என் வழியாகத்தான் போகும், வரும். அடுப்படிக்கும் வாசலுக்கும் தபால்காரியாக நடந்து எனக்கே அலுத்துப்போகும்.

அந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். பக்கத்து லயத்திலிருந்து போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அடுத்த லாரியில் அப்பாவும் ஏற வேண்டும் என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா, வெகுநாளைக்குப் பிறகு நேராக அவரிடம் பேசினாள். பேசியது அந்த வார்த்தைதான்.

அவள் சொன்னதன் அர்த்தம் அப்பாவுக்குச் சற்றுப் பிந்தித்தான் புரிந்தது. கடலோரத்தில் தஞ்சோங் டாவாயில் அவருக்கு ஒரு மலாய்க்காரச் சிநேகிதர் இருந்தார், மீன்பிடிப்பவர். கிழங்கைக் கொடுத்துக் கருவாடு வாங்கப் போவதாகக் கிளம்பிய அப்பா திரும்பவில்லை. சம்பான் படகு கவிழ்ந்து ஆளைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று அந்தச் சிநேகிதரே வந்து கிராணியிடம் சொன்னார்.

லயமே எங்கள் வாசலில் கூடியது. பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். வளையலை உடைத்தார்கள், தாலியை இறக்கினார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். விஷயம் தெரிந்த எனக்கோ, அம்மா இவ்வளவு நன்றாக நடிப்பாளா என்று ஆச்சரியம். நான் அழாமல் இருந்ததைப் பார்த்து, பிள்ளை மிரண்டுபோயிருக்கிறது என்றார்கள்.

அதன்பிறகு லயத்தில் சடங்கு, கல்யாணம் என்றால் அம்மாவுக்கு அழைப்பு கிடையாது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் அவள் எதிரே வந்தால் ஒரு கணம் நின்று, பிறகு போவார்கள். உண்மையைச் சொன்னால் அப்பா லாரி ஏற வேண்டியதுதான். அவள் வாயைத் திறக்கவில்லை. என்னிடம்கூட அப்பா பேச்சை எடுப்பதில்லை.

மழைக்காலம் முடிந்ததும், கருவாடு வாங்கும் சாக்கில் என்னையும் கூட்டிக்கொண்டு தஞ்சோங் டாவாய்க்கு நடந்தாள். மலாய்க்காரர் குடியிருந்த கம்பத்துக்குச் சற்று முன்னால் ஆற்றோரம் நின்று முகம் கழுவினாள். முந்தானையில் முடிந்துவைத்திருந்த குங்குமத்தை எடுத்துப் பொட்டு வைத்துக்கொண்டாள். மஞ்சள் கயிறு ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். துணிப் பஞ்சத்தில் வெள்ளைச் சேலைக்கு வழியில்லாமல் போனதும் அன்று நல்லதாயிற்று.

அப்பா கைலி கட்டி, வெயிலில் கறுத்து, நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். இருவரும் கொஞ்சம் தள்ளித் தள்ளியே உட்கார்ந்தார்கள். என்னை யாரும் தூது அனுப்பவில்லை. அப்பா கடலைப் பற்றிச் சொன்னார். அம்மா கிழங்குத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னாள். பேசிக்கொண்டே இருந்தவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வளையல் எங்க புள்ள?”

“ஒடஞ்சிருச்சு.”

அப்பா கையை விடவில்லை. “ரொம்பப் படுத்துறாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க உசுரோட இருந்தா போதும்.”

பிறகு, நெத்திலியைக் காக்காய் கொத்துகிறதா என்று பார்க்கச் சொல்லி என்னை அனுப்பிவிட்டார்கள். ஒரு காக்காயும் இல்லை.

ஜப்பான்காரன் போன பின் அப்பா திரும்பி வந்தார். திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல் லயம் திண்டாடியது. கோயிலில் வைத்து மறுபடியும் தாலி கட்டினார். அதற்கப்புறமும் எத்தனையோ சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள். ஆனால் எனக்குள் அழியாமல் நிற்பது நானும் அம்மாவும் அன்று தஞ்சோங் டாவாயிலிருந்து திரும்பி வந்த வழிதான்.

தோட்டத்து எல்லை வந்ததும் அம்மா கயிற்றைக் கழற்றினாள். முந்தானையால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். பொட்டு போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்பாதான் நன்றாக இருக்கிறாரே, ஏன் அழுகிறாய் என்று கேட்டேன்.

“அழுதாத்தான் நம்புவாங்க” என்றாள்.

நான் முன்னும் பின்னும் பார்த்தேன். பால் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்கள் நின்றன. அந்தப் பாதையில் எங்களைத் தவிர யாருமே இல்லை. யார் நம்புவதற்காக இப்படி அழுகிறாள் என்று யோசித்தபடி, நெத்திலிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன்.