விசிலை வெட்டிய பாட்டு

நாலு நாள் முன்னால் நீங்கள் ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு என் பட்டறைக்கு வந்தீர்கள். நான் ஒரு தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி காயில் கட்டிக்கொண்டிருந்தேன்.

"அம்மா எப்டி பேசும்னு கேட்டேம்ப்பா. அக்கா பேசிக் காட்டுது. அது அக்கா கொரல்தான், அம்மா கொரல் இல்ல" என்று தம்பி சொன்னான்.

"ஒனக்கு என்னாடா தெரியும்? அப்ப ஒனக்கு ரெண்டு வயசு" என்றாள் அக்கா.

ரெண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் எண்ணிக்கொண்டிருந்த சுத்து விட்டுப்போனது. நூற்றுப் பத்தா, நூற்றுப் பன்னிரண்டா தெரியவில்லை. "வீட்டுக்குப் போங்க, வரேன்" என்று அனுப்பிவிட்டு, கட்டிய கம்பியை எல்லாம் பிரித்தேன்.

அம்மாவின் போட்டோ நம்மிடம் நிறைய இருக்கிறது. குரல்தான் இல்லை. வீடியோ எடுக்கப் போனாலே முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். கல்யாண வீடியோவில் அவள் பேசுவது தெரியும், ஆனால் மேலே மேளச் சத்தம். அவள் போன பிறகு வந்த அடைமழையில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி என் பழைய போனும் ஊறிப் போய்விட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. அம்மாவின் குரல் ஒரு பாட்டில் இருந்தது. அதை அழித்தவன் நான்தான்.

நம் வீட்டு கீபோர்டு, கடலூர் முதுநகரில் ஒருத்தரிடம் பழசாக வாங்கியது. நான் பத்தாவதோடு நின்றவன். சுரம் எழுதிப் படிக்கத் தெரியாது, காதால் கேட்டுத்தான் வாசிப்பேன். ஞாயிற்றுக்கிழமைதான் அதற்கு நேரம். ஒரு நாள் நானாக ஒரு மெட்டு கட்டினேன். பாட்டு வரி கிடையாது, வெறும் வாசிப்பு. மூன்று நிமிஷம் வரும். போனை கீபோர்டு மேலேயே வைத்து ரெக்கார்டு போட்டேன். நமக்கு இருப்பது ஒரே அறை. ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அடுப்பு. அம்மா குக்கரில் பருப்பு வைத்துவிட்டு, "மூணு விசில் வந்தா ஆஃப் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு பின்பக்கம் துணி காயப்போடப் போனாள்.

பாட்டு நன்றாக வந்துகொண்டிருந்தது. நடுவில் ரெண்டு விசில் வந்தது. நான் நிறுத்தவில்லை. அம்மா பின்பக்கமிருந்து ஏதோ கேட்டாள். அதற்கும் நிறுத்தவில்லை. வாசித்து முடித்த பிறகுதான் திட்டு விழுந்தது.

"மோட்டாருக்கு நூறு சுத்து எண்ணுறீங்க. குக்கருக்கு மூணு விசில் எண்ண முடியலியா?"

கீபோர்டு வாசிக்கிறவர்கள் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் நான் இருந்தேன். கடலூர், சிதம்பரம், பெண்ணாடம் பக்கத்து ஆட்கள். கச்சேரிக்குப் போகிறவர்கள்தான் அதில் ஜாஸ்தி. பயந்துகொண்டே பாட்டை அதில் போட்டேன். முதல் பதில் சிதம்பரத்துக்காரர் ஒருத்தரிடமிருந்து வந்தது.

"மச்சான், மெட்டு அருமை. பருப்பு வெந்துடுச்சா?"

அதோடு விட்டார்களா? "ரெண்டு விசில்தான் கேட்டுச்சி, இன்னொண்ணு விடச் சொல்லுங்க" என்றார் ஒருத்தர். "சாம்பாரா ரசமா?" என்றார் இன்னொருத்தர். ஒரே ஒருத்தர் மட்டும் அக்கறையாக எழுதியிருந்தார்: "பின்னாடி லேடீஸ் குரல் வருது. அதக் கட் பண்ணிட்டுப் போடுங்க."

எனக்கு மானம் போனமாதிரி இருந்தது. எல்லார் போனிலிருந்தும் போகிற மாதிரி அதை அழித்தேன். என் போனிலும் அழித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்த அம்மா, "என்னா சொன்னாங்க?" என்று ஆசையாகக் கேட்டாள்.

"ஒன்னாலதான்" என்றேன். "ஒன் குக்கராலயும் ஒன் வாயாலயும்."

அடுத்த ஞாயிறு நான் கீபோர்டை எடுத்ததும் அவள் அடுப்பை அணைத்தாள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "நீங்க வாசிங்க, நாங்க வெளிய இருக்கோம்" என்று போய், எதிர்வீட்டுச் சுவர் ஓரம் இருந்த கொஞ்சம் நிழலில் நின்றாள். உச்சி வெயில். நான் தப்புத் தப்பாய் வாசித்து நாலு தடவை திரும்ப எடுத்தேன். அத்தனை நேரமும் அவள் அங்கேயே நின்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

அதைப் போட்டதும், "சத்தம் இல்ல, ஆனா வெறுமையா இருக்கு, தாளம் சேருங்க" என்றார்கள். தாளம் சேர்த்தேன். "இன்னும் கொஞ்சம் வேகமா" என்றார்கள். வேகம் கூட்டினேன். மூன்றாவது தடவை எல்லாரும் கை தட்டுகிற படம் போட்டார்கள். அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்குது. நம்ம வூட்ல வாசிச்சாப்ல இல்ல" என்றாள்.

ஒனக்கு என்ன தெரியும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். நாலு மாதம் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். நாலாம் நாள் இல்லை.

அதற்குப் பிறகு நான் அந்த குரூப்பில் வாயே திறக்கவில்லை. நீங்கள் சண்டை போட்ட அன்று சாயங்காலம்தான் பல வருஷம் கழித்து எழுதினேன்: "விசில் சத்தத்தோட ஒரு பாட்டு போட்டிருந்தேன். யாரிடமாவது இருக்கிறதா? அதில் வருவது என் மனைவி குரல். அவர் இப்போது இல்லை."

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. பருப்பு வெந்துதா என்று கேட்ட அதே சிதம்பரத்துக்காரர். "எங்கிட்ட இருக்குது மச்சான். அழிக்கிறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். வூட்ல போட்டுக் காட்டிச் சிரிச்சோம். மன்னிச்சிக்குங்க." அவர்மேல் இத்தனை வருஷம் மனசுக்குள் ஒரு கோபம் வைத்திருந்தேன். அவர் கிண்டல் பண்ணியதால்தான் அந்தப் பாட்டு மிஞ்சியிருக்கிறது.

மறுநாள் பட்டறையைப் பூட்டிவிட்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் எல்லாம் எப்போது போனது என்றே தெரியவில்லை. தெற்கு வீதியைத் தாண்டி ஒரு சந்தில் அவர் வீடு. அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

பாட்டைப் போட்டார். என் வாசிப்பு எவ்வளவு மெதுவாக இருந்திருக்கிறது! முதல் விசில் வந்தது. ரெண்டாவது விசில் வந்தது. அப்புறம் அம்மா, தூரத்திலிருந்து, துணி உதறிக்கொண்டே:

"எத்தன விசில் ஆச்சி?"

"ஆச்சி" சரியாகக் கேட்கவில்லை. அதன்மேல் இன்னொரு சத்தம் விழுந்திருந்தது. "உஷ்ஷ்" என்று ஒருத்தன் அதட்டுகிறான். அது யாரென்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்படி அதட்டியது எனக்கு ஞாபகமே இல்லை.

சிதம்பரத்துக்காரர் என்னைப் பார்த்தார். "இருங்க, அந்த உஷ்ஷ மட்டும் எடுத்துடறேன். அவுங்க கொரல் தெளிவாக் கேக்கும்" என்றார். ஒரு மணி நேரம் பார்த்தார். என் சத்தத்தைக் குறைத்தால் அம்மா குரலும் குறைந்தது. "ரெண்டும் ஒரே எடத்துல கெடக்குது மச்சான். ஒண்ண எடுத்தா இன்னொண்ணும் போவுது."

"விட்டுடுங்க, எதையும் வெட்ட வேணாம்" என்றேன்.

அதைக் கொண்டுவந்து இன்றோடு மூன்று நாள் ஆகிறது. உங்களிடம் இன்னும் போட்டுக் காட்டவில்லை. இதை எழுதி முடித்துவிட்டுக் காட்டலாம் என்று இருந்தேன். அக்கா, நீ இதைத் தம்பிக்குப் படித்துக் காட்டு. அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து கேளுங்கள். அம்மா பேசுவது மூன்று வார்த்தை. மூன்றாவது வார்த்தையின் மேல் அப்பாவின் சத்தம் இருக்கும். கோபம் வந்தால் வரட்டும்.

அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவே இல்லை. ரெண்டு விசில் ஆகியிருந்தது.