திறக்காத இருக்கை பெல்ட்

“ஏட்டி, நம்ம வீட்டுல உனக்கு முன்ன ஒருத்தரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்ல. நீ விமானப்படைக்குப் போயி என்னத்தக் கிழிக்கப் போற?” என்றார் ஆழ்வார்குறிச்சி மாமா. விமானப்படையில் சேர்ந்துவிட்டேன்; ஆனால் அன்றிலிருந்து ‘தெரியாது’ என்று யாரிடமும் நான் சொன்னதில்லை.

சென்ற வாரம் பாளையங்கோட்டையில் நட்பு நாட்டு விமானப்படையோடு வெள்ள மீட்புப் பயிற்சி. அவர்கள் ஹெலிகாப்டரில் இருக்கை பெல்ட்டை விளக்க வந்த வீரரிடம், “தெரியும்” என்றேன். தரையிறங்கியதும் ஒத்திகைப் புகை பரவியது. எல்லோரும் வெளியே குதித்தார்கள். எங்கள் பெல்ட்டைப் போல நினைத்துக் கொக்கியை இழுத்தேன். அசையவில்லை. மூச்சு முட்டியது. கூப்பிடவும் வெட்கம்.

அதே வீரர் திரும்பி வந்து கொக்கியைத் திருகினார், திறந்துகொண்டது.

“நேற்று உங்கள் ஹெலிகாப்டரில் நானும் மாட்டிக்கொண்டேன். நான் திருகிக்கொண்டே இருந்தேன்!” என்று சிரித்தார். அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

இரு நாட்டு வீரர்களும் ஹெலிகாப்டர் மாறி உட்கார்ந்து பெல்ட்டைப் பழக, அதிகாரியிடம் அனுமதி வாங்கிவிட்டேன். சொல்லித்தர வருபவர் அந்த வீரர்தான். முதல் மாணவியாக என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.