கொம்பு மடங்கிய மாடு

எண்பதுகளின் தொடக்கம். திருப்பத்தூரில் ஓர் அச்சகத்தில் ஒன்பது வருடம் பீடிக் கட்டுகளுக்கு லேபிள் வரைந்தவன் நான். பிறகு பழைய படங்களையே திருப்பித் திருப்பி அச்சடித்தார்கள்; எனக்கு வேலை போயிற்று. பேட்டரியில் ஓடும் பச்சை குத்தும் மிஷின் ஒன்று வாங்கினேன். மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் சந்தையில் தொழில் படியாவிட்டால் அதை விற்றுவிட்டு ஊரைவிட்டே போவதாக முடிவு. வழியனுப்ப வீட்டில் யாரும் இல்லை.

காலை ஆறரைக்குப் பேருந்து. டிக்கெட் மூன்றரை ரூபாய். நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மூன்று மணி நேரம். (பின் இருக்கை வேண்டாம், வயிறு கலங்கும்.) ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்; அவருக்கு வளைவுகளைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

சந்தையில் புளிக் குவியல்களுக்கும் சாமை மூட்டைகளுக்கும் நடுவே படப் பலகையைச் சாய்த்து வைத்தேன். சிங்கம், மயில், ரோஜா, எல்லாம் லேபிள் வரைந்த கை. பார்த்தார்கள், போனார்கள். ஒரு மணி வரை ஒருவரும் உட்காரவில்லை. அவ்வளவு கூட்டத்தில் அவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை.

ஒன்றேகாலுக்கு, புளி விற்ற காலிக் கூடையோடு நாற்பது வயதுப் பெண் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பலகையில் இருந்த எதுவும் வேண்டாம், மாடு வேண்டும், ஒரு கொம்பு கீழே மடங்கியிருக்க வேண்டும் என்றார். வரைந்து, முன்னங்கையில் கார்பன் தாள் வைத்து ஒற்றினேன். ஊசிக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரை மணியில் முடித்துத் துடைத்தேன். நல்ல மாடு.

அவர் கையைப் பார்த்தார். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார்.

"இன்னாங்க, எனக்குத் தலகீழா நிக்குது?"

எனக்கு உயிரே போய்விட்டது. லேபிள் என்றால் எதிரே நிற்பவருக்கு நேராக இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் மாட்டையும் எனக்கு நேராக நிறுத்திவிட்டேன். அழிக்கவும் முடியாது. மன்னிப்புக் கேட்டேன், காசு வேண்டாம் என்றேன்.

அவர் கையை என் பக்கம் நீட்டிப் பார்த்தார்.

"இருக்கட்டுங்க. வூட்ல நான் ஒருத்திதான். இப்டி இருந்தா எதிர்ல வர்றவங்க இன்னா மாடுன்னு கேப்பாங்க இல்ல."

காசை வற்புறுத்திக் கொடுத்தார். உடனே போகவில்லை, கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றார். நான் வெட்கத்தில் குனிந்து ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஆளில்லை.

திரும்பும் பேருந்தில், இரண்டாவது வளைவில்தான் உறைத்தது. எதிரே இருந்த முதல் ஆள் நான்தான். நான் கேட்கவில்லை.

மிஷினை விற்கவில்லை. அதற்குப் பிறகு இருபது வருடம், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுத்தேன். அடுத்தடுத்த சந்தைகளில் அவரைத் தேடினேன். காணவில்லை.

போகிறவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள், குளிருக்கு ஒரு போர்வை இருக்கட்டும், திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கியதுமே விசாரித்துவிடுங்கள். சந்தையில் வயதான ஓர் அம்மாவின் கையில் கொம்பு மடங்கிய மாடு ஒன்று உங்களைப் பார்த்து நின்றால், பேருந்து போனாலும் போகட்டும், என்ன மாடு என்று கேளுங்கள்.