சீசனுக்குக் காலியாகும் வீடு

மார்ச் மாதச் சனிக்கிழமை, காலை 5.40. திண்டுக்கல்லில் கொடைக்கானல் பேருந்தைப் பிடித்துவிட்டேன். ஏரியையும் பாறையையும் பார்க்கப் போகவில்லை நான். பள்ளிக்கூட வாத்தியாரம்மாவான எனக்குக் கொடைக்கானலுக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. திங்கட்கிழமை அங்கே சேர வேண்டும். அதற்குள் வாடகை வீடு அமையாவிட்டால் தொண்ணூற்றைந்து கிலோமீட்டரைத் தினமும் ஏறி இறங்க வேண்டும். ஐம்பது வயது முட்டியை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமா?

9.20. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இறங்கியதும் டாக்ஸிக்காரர் ஒருவர் மறித்தார்.

"அக்கா, பன்னெண்டு எடம் காட்டுறேன். வெரசா ஏறுங்க."

"எனக்கு ஒரே எடம் போதும்ப்பா, குடியிருக்க."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப நடந்தே தேடுங்கக்கா. கார்ல போய் எறங்குனா டூரிஸ்ட்னு நெனச்சுருவாங்க."

நடந்தேன். ஆனந்தகிரியில் ஒரு தெருவின் கூரை மட்டத்தில்தான் அடுத்த தெரு தொடங்குகிறது. நடுவில் எல்லாம் படிகள். கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து ஒருவர் மூச்சு வாங்காமல் ஏறிப்போனார். வெறுங்கையோடு போன நான் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். தட்டிய கதவெல்லாம் ஒரே கேள்வி கேட்டன: "எத்தன நாளைக்கு?" இரண்டு வருஷத்துக்கு என்றால் மேலும் கீழும் பார்த்தார்கள். ஒரு வீட்டில் நாலாயிரம் என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். உள்ளே போய் அடுப்படி மேடையின் உயரம்கூடப் பார்த்துவிட்டேன். அப்புறம்தான் அது ஒரு ராத்திரிக்கான வாடகை என்று தெரிந்தது. அட கடவுளே!

12.10. ஏரியை ஒட்டி நடந்து நாயுடுபுரம் சேர்ந்தேன். மூன்று கிலோமீட்டர் இருக்கும். பதினைந்து ரூபாய் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, எதிர்க் காட்டேஜ் வேலியில் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் பேச்சுக் கொடுத்தார். பெயர் புஷ்பம். நாற்பது வயதிருக்கும், சிவப்பு ஸ்வெட்டர். அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்களாம். நான் டீச்சர், குடியிருக்க வீடு தேடுகிறேன் என்றேன்.

"மாச வாடகைக்கா டீச்சர்? கெடைக்கும். ஆனா ஏப்ரல், மே ரெண்டு மாசமும் காலி பண்ணிக் குடுக்கணும். அப்ப டூரிஸ்ட்டுக்கு விடுவாங்க."

"சாமான் சட்டெல்லாம்?"

"கட்டித் தூக்கிட்டுப் போறதுதான். நாங்க ஆறு வருஷமா பூண்டி கிராமத்துல அக்கா வீட்டுக்குப் போயிருவோம். அங்க பூண்டு வெட்டுற சோலி இருக்கும். மக பரீச்சைக்கு மட்டும் வெள்ளனே பஸ் ஏறி வந்து எழுதும். ஜூன்ல இங்கயே திரும்பி வந்துருவோம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருஷம் குடியிருந்தவர்களை வருஷாவருஷம் மூட்டை கட்ட வைப்பதா? புஷ்பம் என்னைச் சமாதானப்படுத்தினார். "எங்க அப்பா தோட்டத்து லயத்து வீட்டையே விட்டுட்டுக் கப்பல் ஏறுனாரு. இது திரும்பி வர்ற போக்குத்தானே?" அடுத்த காட்டேஜைப் பெருக்க நேரமாகிவிட்டது என்று அவர் கிளம்பினார்.

1.45. மளிகைக்கடைக்காரர் கைகாட்டிய வீடு. கீழே வீட்டுக்காரம்மா, மேலே இரண்டு அறை. மாடியில் இருப்பவர்கள் இரண்டு வாரத்தில் போய்விடுவார்கள் என்றார் அந்தம்மா. நான் விவரமானவள் அல்லவா, பாதிப் படியிலேயே பேரத்தை ஆரம்பித்தேன். "நான் டீச்சருங்க, சீசனுக்கு என்னைக் காலி பண்ணச் சொல்லாதீங்க. அந்த ரெண்டு மாசத்துக்கு வாடகையக் கூட்டியே தர்றேன்."

அந்தம்மா முகம் மலர்ந்தது. "டீச்சர்னா எனக்கும் நிம்மதிதாங்க. மேல உள்ளவங்கள ஜூன்ல வர வேணாம்னு சொல்லிர்றேன்."

மாற்றுச் சாவியால் பூட்டைத் திறந்தார். சுத்தமான வீடு, நல்ல வெயில் வருகிற ஜன்னல். சுவரில் ஒரு குடும்பப் படம். நடுவில் அதே சிவப்பு ஸ்வெட்டரில் புஷ்பம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இவங்க எங்க போவாங்க?" என்றேன்.

"அவளுக்கென்னங்க, பூண்டியில அக்கா இருக்கா."

பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் சபலம் தட்டியது. முட்டி வலித்தது, திங்கட்கிழமை பயமுறுத்தியது, அட்வான்ஸ் பணம் கைப்பையிலேயே இருந்தது. ஒரு நிமிஷம் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, "வீடு எனக்குத் தோதுப்படாதும்மா. அவங்களே ஜூன்ல வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். அந்தம்மா ஒரு மாதிரி பார்த்தார். நான் ஒதுங்கியதால் புஷ்பத்துக்கு வீடு நிலைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த வாரம் வேறொரு விவரமானவள் அந்தப் படி ஏறலாம்.

4.15. திரும்பும் பேருந்து. இறக்கம் முழுக்க அந்த வீட்டுக்காரம்மாவை மனதுக்குள் திட்டித் தீர்த்துக்கொண்டே வந்தேன். வத்தலக்குண்டு வந்ததும் எங்கள் வீட்டு நினைப்பு வந்து, திட்டுவதற்கு மனசு வரவில்லை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மாடி மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. நல்ல குடும்பங்கள் நாலைந்து வந்து கேட்டன. உள்ளே விட்டால் காலி பண்ண மாட்டார்கள் என்று பயந்து, அத்தனை பேரையும் திருப்பி அனுப்பியவள் நான்தான்.

கணவரைப் போனில் கூப்பிட்டேன். "வீடு கெடைச்சுதா?" என்றார்.

"கெடைக்கல. திங்கக்கிழமையிலருந்து பஸ்தான். நீங்க நாளைக்கு நம்ம மாடியத் தொறந்து கழுவி விடுங்க. வாடகைக்கு ஆள் வரட்டும்."

"யாரு? எத்தன நாளைக்கு?" என்றார்.

"இருக்கிற வரைக்கும் இருக்கட்டும்" என்றேன்.